ரத்தம் வீடு மாறும் நாட்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நூறக்கா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் யோசித்து வைத்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கோடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, முப்பத்தோரு வருஷமாக அவள் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்துக் காயவைத்த ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வெள்ளை அணுக்களை நூறு வரை எண்ணுவாள். ஐந்து வகை வெள்ளை அணுவுக்கு ஐந்து விசை வைத்த எண்ணும் பெட்டி ஒன்று கைக்குப் பக்கத்தில் இருக்கும். நூறானதும் அது மணி அடிக்கும். மணி அடிக்கும்வரை பக்கத்தில் இடி விழுந்தாலும் அவள் திரும்ப மாட்டாள். "அக்கா, டீ சொல்லட்டுமா?" என்று யாராவது கேட்டால், மணி அடித்த பிறகுதான் "சொல்லு" என்பாள். அதற்குள் கேட்டவர் குடித்து முடித்து டம்ளரையும் கழுவி வைத்திருப்பார். நாளாக நாளாகக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தை வெளியே காட்டுகிற பழக்கம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மேஜையிலேயே சாப்பிடுவாள். மற்றவர்கள் மாடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாருக்காவது பிறந்த நாள் என்றால் அங்கே கேக் வெட்டுவார்கள். அதில் ஒரு துண்டு காகிதத் தட்டில் சாயங்காலம் இவள் மேஜைக்கு வந்து சேரும், கொஞ்சம் காய்ந்துபோய்.

வீடு என்று சொன்னால் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதற்கு முன் மூன்று வீடு பார்த்தவள். பிறந்த வீடு, அப்பா போனதும் கைமாறிவிட்டது. கணவன் வீட்டில் பதினொரு மாதம். அவன் சாகவில்லை, வேறொருத்தியோடு போனான். செத்திருந்தால் துக்கம் விசாரிக்கவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். மூன்றாவது, தம்பி வீடு. அங்கே பத்தொன்பது வருஷம் இருந்தாள். தம்பியின் பிள்ளைகள் வளர்ந்தபோது படிக்க இடம் வேண்டியிருந்தது. யாரும் போ என்று சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கட்டிலை மட்டும் கூடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். புரிந்துகொள்ளத் தெரியாதவளா அவள்? அடுத்த மாதம் தையல் கடை மாடிக்கு வந்துவிட்டாள்.

தையல்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய சட்டைப் பொத்தான்கள் அறுபது அவளிடம் இருந்தன. அவை அலங்காரத்துக்கு இல்லை, தொழிலுக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில், நடுவில் கரும்புள்ளி வைத்த சிவப்பணுக்கள் இருக்கும். வளர்ந்தவர்களின் சிவப்பணுவில் அந்தப் புள்ளி கிடையாது. முற்றிய பிறகு அதை உதறிவிட்டுத்தான் அணு வெளியே வரும். இவை முற்றாதவை. எண்ணும் பெட்டியில் இவற்றுக்கு விசை இல்லை. அதனால் ஒவ்வொரு புள்ளிக்காரனைப் பார்க்கும்போதும் இடது கையால் ஒரு பொத்தானை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுவாள். கண் மைக்ராஸ்கோப்பில், வலது கை விசையில், இடது கை பொத்தானில்.

இந்தப் பொத்தான் கணக்குக்குக் காரணம் மெஷின். மொத்த வெள்ளை அணுவை எண்ணுவது மெஷினின் வேலை. ஆனால் வெள்ளை அணுவுக்குள்ளும் கரும்புள்ளி உண்டு என்பதால், அதற்குப் புள்ளியைக் கண்டால் எல்லாமே வெள்ளை அணுதான். புள்ளி வைத்த சிவப்பணுவையும் சேர்த்து எண்ணிவிடும். நூறு வெள்ளைக்கு நூறு புள்ளிக்காரர்கள் இருந்தால் மெஷின் சொல்கிற எண்ணில் பாதி பொய். அந்தப் பொய்யைக் கழித்து, திருத்திய எண்ணை எழுதுகிறவள் நூறக்கா. இதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை ஏழாம் மாதத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை. குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் நூறக்காவே நேரில் போய்க் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பாள். வேறு யார் கையையும் நம்ப மாட்டாள். பத்து நாளுக்கு முன் பழையதுக்குப் பதிலாக வந்த மெஷின் அன்று ஆறாயிரத்து முந்நூறு என்றது. புள்ளிக்காரர்களை எண்ணினாள். அறுபது பொத்தானும் தீர்ந்து, கிண்ணத்தை மாற்றி வைத்து மறுபடி எண்ணி, நூற்றுப் பத்தில் வந்து நின்றாள். கழித்தாள். மூவாயிரம்.

மூவாயிரம் என்பது அந்தக் குழந்தைக்கு ரொம்பக் குறைவு. குழந்தை டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிருமியை எதிர்க்க உடம்பில் ஆளே இல்லை, அதனால் யாரும் தொடக் கூடாது, தாய் உள்பட யாரும் உள்ளே வரக் கூடாது என்று எழுதிவிட்டார். மற்ற குறைமாதப் பிள்ளைகளை அம்மாக்கள் நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இந்தத் தாய் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

அவளுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். கணவன் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வர இன்னும் ஆறு வாரம். கூட யாரும் இல்லை. ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை காலை நூறக்கா ரத்தத் தட்டோடு வந்தபோது எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்கதானே நேத்து எண்ணினது? இன்னைக்கு எவ்வளவு வரும்?"

"எண்ணாம எப்படிம்மா சொல்ல முடியும்?"

"எண்ணினதும் வந்து சொல்றீங்களா? டாக்டர் வரதுக்கு மத்தியானம் ஆயிடுது."

முப்பத்தோரு வருஷத்தில் நோயாளியின் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. அவள் எண்ணுகிற எண்கள் காகிதத்தில் ஏறிப் போகும்; பிறகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது ஒருத்தி எழுந்து நிற்கிறாள். நூறக்காவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எண்ணி முடித்ததும் வேலையை விட்டுவிட்டு மாடியேறிப் போனாள். புள்ளி வைத்த செல்லைக் கழித்து மூவாயிரத்து நூறு என்று சொன்னாள்.

"நூறு ஏறியிருக்கு" என்றாள் தாய்.

"அது ஏற்றம் இல்லம்மா. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும்."

"இருக்கட்டும் அக்கா. எனக்கு அது ஏற்றம்தான்."

அன்று சாயங்காலம் டாக்டர் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். அதை மாலை ஷிஃப்ட்டில் இருக்கும் டெக்னீஷியன் பார்த்தான். நாற்பது வயது ஆள், வேலையைவிட வாய் அதிகம். அவன் ஆறாயிரத்து இருநூறு என்று எழுதி அனுப்பிவிட்டான். புதன்கிழமை காலை டாக்டர் நூறக்காவுக்குப் போன் செய்தார்.

"காலையில மூவாயிரம், சாயங்காலம் ஆறாயிரம். எது சரி?"

"என்னோடதுதான் சரி, டாக்டர். அவர் புள்ளி வெச்ச செல்லைக் கழிக்காம அனுப்பியிருப்பார்."

"அதானே. நீங்க சொன்னா சரி" என்று டாக்டர் வைத்துவிட்டார். அவளுக்கு அந்த 'நீங்க சொன்னா சரி' வெல்லமாக இனித்தது.

புதன்கிழமையும் மூவாயிரத்து நூறுதான். சொல்லப் போனாள். தாய் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். நூறக்கா உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் இன்னொருவரோடு பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யாராவது கேட்டிருந்தால் அவளாலேயே எண்ணிச் சொல்லியிருக்க முடியாது.

"அந்தப் புள்ளி வெச்ச செல்லுன்னு சொன்னீங்களே, அது ஏன் என் பிள்ளைக்கு மட்டும் இவ்வளவு? நான் ஏதாவது தப்பா சாப்பிட்டேனா?"

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. ரத்தம் வீடு மாறுற நேரத்துல உன் பிள்ளை வெளியே வந்துட்டான், அவ்வளவுதான்."

"ரத்தம் வீடு மாறுமா?"

"மாறும். கரு உண்டான மூணாவது வாரம், அதோட ஒட்டி ஒரு குட்டிப் பை இருக்கும். முதல் ரத்தம் அங்கதான் ஊறும். அப்ப இதயம்கூட துடிக்க ஆரம்பிச்சிருக்காது. எலும்பு ஏது, கிலும்பு ஏது. அந்த ரத்தம் பூரா புள்ளி வெச்ச ரத்தம்தான். ரெண்டாவது மாசத்துல அங்கருந்து கிளம்பிக் கல்லீரலுக்கு வந்துடும். வயித்துல இருக்கற முக்கால்வாசி நாள் குடித்தனம் கல்லீரல்லதான். மண்ணீரலும் கொஞ்சம் கை கொடுக்கும். இதுக்கு நடுவுல எலும்பு உருவாகி, உள்ள மஜ்ஜை வந்து, கொஞ்சம் கொஞ்சமா அங்க சாமான் ஏத்த ஆரம்பிக்கும். பத்து மாசம் இருந்து பிறக்கற பிள்ளைக்கு அநேகமா எல்லாம் ஏத்தி முடிஞ்சிருக்கும். உன் ஆளு பாதி சாமான் தெருவுல இருக்கும்போதே வந்துட்டான்."

தாய் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. "அவங்க அப்பா மாதிரி அவசரக்காரன்" என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "எலும்புக்குள்ள போனதுக்கப்புறம் வேற எங்கயும் போகாதா அக்கா?" என்று கேட்டாள்.

"போகாது. அதுதான் கடைசி வீடு."

ரத்தத்துக்கு மூன்றாவது வீட்டில் நிலை கிடைத்துவிடுகிறது. அவளுக்கு நாலாவது வீட்டிலும் கிடைக்கவில்லை.

"நாளைக்கும் நீங்கதானே வருவீங்க? எண் நல்லதோ கெட்டதோ, நீங்க வந்து சொன்னா எனக்குத் தைரியமா இருக்கு" என்றாள் தாய். நூறக்கா படியிறங்கி வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டதைத் துடைப்பக்காரர் பார்த்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நின்றுவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாலை டெக்னீஷியன் வந்தான். அவன் பையைக்கூட வைக்கவில்லை, நூறக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏன்பா, நேத்து அந்தக் குறைமாசக் குழந்தைக்குத் திருத்தம் போடாம அனுப்பினியே, உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"எதுக்குத் திருத்தம் போடணும்?"

"புள்ளி வெச்ச செல் நூத்துக்கு நூறு இருக்கு. கழிக்க வேண்டாமா?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அக்கா, இது புது மெஷின். புள்ளி வெச்ச செல்லைத் தனியா பிரிச்சு, அதுவே கழிச்சுட்டுத்தான் எண்ணைக் காட்டுது. மேல நாம கழிக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரர் வந்து சொன்னாரே."

"எப்ப சொன்னார்?"

"மெஷின் வந்த மறுநாள். மாடியில, சாப்பாட்டு நேரத்துல, கேக் வெட்டினோமே அன்னைக்கு. அப்புறம் வாட்ஸப் குரூப்லயும் போட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவள் அந்தக் குரூப்பில் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "யாரும் உங்ககிட்ட சொல்லலையா? நான் மத்தவங்க சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நூறக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அவன் சொன்னது அச்சில் இருந்தது. மெஷின் ஒரு தடவை கழித்ததை இவள் இன்னொரு தடவை கழித்திருக்கிறாள். ஆறாயிரம்தான் உண்மை. அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை யார் மேல் விழுந்தது என்பதல்லவா கேள்வி?

மெஷின் வந்து பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாள் சீட்டையும் எடுத்துப் பார்த்தாள். மற்ற குழந்தைகளுக்குப் புள்ளிக்காரர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு. அவ்வளவு குறைவு என்றால் கழிக்க வேண்டியதில்லை, அவளும் கழிக்கவில்லை. மாட்டியது இந்த ஒரு பிள்ளை.

"விடுங்க அக்கா. திருத்தம் இல்லாம நாளைக்குப் போட்டுடுங்க. தானா ஏறிடுச்சுன்னு டாக்டர் நினைச்சுக்குவார். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் மாலை டெக்னீஷியன். கெட்டவன் இல்லை; அவளுக்காகத்தான் சொன்னான்.

அவள் மூன்று சீட்டையும் மாற்றி எழுதி, மேலே 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் படித்தார். மறுபடி படித்தார். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் 'நீங்க சொன்னா சரி' என்றவரும் அவர்தானே.

"நல்லவேளை, அணுவை ஏத்துற ஊசி நாளைக்குத்தான் போடறதா இருந்தேன்" என்றார். "சரி, போங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

டாக்டர் பேசினார். எப்படிப் பேசினார் என்றால், எண்ணிக்கை ஏறிவிட்டது, இனி பிள்ளையைத் தூக்கலாம் என்று மட்டும் பேசினார். ஆஸ்பத்திரியின் மானத்தை அவர் காப்பாற்றினார். கூடவே நூறக்காவின் மானமும் காப்பாற்றப்பட்டுவிட்டது. அவள் நடைக்கூடத்தின் முனையில் நின்றிருந்தாள். தாய் அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிடுச்சாம் அக்கா. உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். நீங்க வந்த வேளை."

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு, சந்தோஷம்மா என்று சொல்லியிருக்கலாம். நாளைக் காலையும் பெஞ்சில் இடம் இருந்திருக்கும். பிள்ளை வீட்டுக்குப் போகிறவரை இருந்திருக்கும். ஒருவேளை அதற்குப் பிறகும், எப்போதாவது ஒரு போன் வந்திருக்கும். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். தண்ணீர்த் தாகம் மாதிரி வேண்டியிருந்தது. ஆனால் பிடித்திருந்த அந்தக் கைகள் மூன்று நாளாகப் பிள்ளையைத் தொடாத கைகள். அந்தக் கைகளுக்குள் தன் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஏறலம்மா" என்றாள். "முதல் நாளே ஆறாயிரம்தான் இருந்துச்சு. மெஷின் கழிச்சது தெரியாம நான் இன்னொரு தடவை கழிச்சுட்டேன். உன் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. முதல் நாளே நீ தூக்கியிருக்கலாம்."

தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையை எடுத்தாள். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள்.

"மூணு நாள், அக்கா" என்றாள்.

"ஆமாம்மா."

"அழுதான். வாய் திறந்து அழுததைப் பார்த்தேன். கண்ணாடியில சத்தம் கேக்கல."

நூறக்காவுக்கு மன்னிச்சுக்கோ என்ற சொல் வாய்வரை வந்தது. இந்த இடத்தில் அதற்கு என்ன பெறுமதி என்று நினைத்தோ என்னவோ, வெளியே வரவில்லை. நர்ஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். தாய் துணிப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது: நர்ஸ் பிள்ளையை எடுத்து அவள் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டாள். அவள் தலை குனிந்தது, பிறகு நிமிரவே இல்லை. நூறக்கா பையை எடுத்து நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கீழே வந்தாள்.

மறுநாள் காலை ரத்தத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தலைமை நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, அந்தப் பிள்ளைக்கு நாங்களே குத்தி எடுத்து அனுப்பிடறோம். அவங்க அம்மா வேற யாராவது எடுக்கட்டும்னு சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க." நூறக்கா சரி என்றாள். தட்டைக் கீழே வைத்தாள். பஞ்சை எண்ணித் திரும்ப டப்பாவில் போட்டாள்.

டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: புள்ளி வைத்த அணுக்கள் ஒன்றுமில்லாமல் போகும்வரை தினம் ஒரு பரிசோதனை, அதற்குப் பிறகு தேவையில்லை. அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சின்னக் குழாய் வந்தது. சுண்டுவிரல் நுனி அளவு ரத்தம். அவள் இழுத்தாள், சாயம் போட்டாள், காயவைத்தாள், கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்தத் தாய் மூன்று நாள் பார்த்ததைப் போல இப்போது இவள் பார்த்தாள். பொத்தான் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. வியாழன் அறுபத்தெட்டு. வெள்ளி நாற்பது. சனி இருபத்திரண்டு. ஞாயிறு அவளுக்கு விடுமுறை, இருந்தும் வந்தாள், பதினொன்று. மாடியில் ஒரு பிள்ளையின் ரத்தம் கல்லீரலைக் காலி செய்துகொண்டு எலும்புக்குள் குடியேறுவதை அவள் ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். திங்கள் ஐந்து. செவ்வாய் ஒன்று.

புதன்கிழமை அவள் வழக்கத்தைவிட மெதுவாக எண்ணினாள். வயலில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உழுகிறவன் மாதிரி கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். ஐம்பது. எழுபது. தொண்ணூறு. மணி அடித்தது. இடது கை பொத்தான் கிண்ணத்தின்மேல் அப்படியே இருந்தது. ஒன்றுகூட இல்லை.

ஒன்று என்று எழுதினால் நாளைக்கும் குழாய் வரும். ஒன்றால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அவள் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, இன்னொரு நூறு எண்ணினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் இருநூறு எண்ணியது அன்று ஒரு நாள்தான். இரண்டாவது மணி அடித்தபோது யாரோ பின்னாலிருந்து டீ வேண்டுமா என்று கேட்டார்கள். அல்லது கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பேனாவை எடுத்து, சீட்டில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.